பிரசங்கத்தை நிறுக்கும் தராசு

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒரு தேவாலயத்தின் வாயிலருகே சற்று நின்று பாருங்கள். வழிபாடு முடிந்து வெளிவருவோரிடையே ஒரு பேச்சுத் தவறாமல் எழும். "இன்றைக்குப் பிரசங்கம் நன்றாக இருந்தது" என்பார் ஒருவர். "எனக்கு அவ்வளவாகச் சுவைப்படவில்லை" என்பார் மற்றொருவர். வீடு சேருமுன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும். ஆனால் "நன்றாக இருந்தது" என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? குரல் இனிமையாக இருந்தது என்பதா? இடையிடையே வந்த கதைகள் சிரிப்பூட்டின என்பதா? சொல்லப்பட்ட கருத்து மெய்யானது என்பதா? அல்லது, கேட்டவர் நெஞ்சில் ஏதோ ஒன்று மாறிற்று என்பதா?

இக்கேள்வி என்னை உறுத்துவதற்கு என் தொழிலே காரணம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நான் மாணவனாக இருந்த காலத்தில், விமரிசனப் பாடம் என்று ஒன்று உண்டு. பயிற்சி பெறுவோர் ஒருவர் சிறுவர்களுக்குப் பாடம் நடத்த, உடன் பயில்வோர் சுற்றி அமர்ந்து குறை நிறைகளைக் குறித்துக்கொள்வர். என் முறை வந்த அன்று நான் மடைதிறந்தாற்போல் பேசினேன். நண்பர்கள் பாராட்டினர். முதிய ஆசிரியர் ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவனிடம் பாடத்திலிருந்து ஓர் எளிய கேள்வி கேட்டார். அவன் விழித்தான். அடுத்தவனும் விழித்தான். "நீர் நன்றாகப் பேசினீர், பாடம் நடக்கவில்லை" என்று மட்டும் கூறி அவர் அமர்ந்தார். அன்று என் முகம் சுருங்கியது. அந்தச் சொல்லோ பணி ஓய்வு பெற்ற பின்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

பிரசங்கத்தை நிறுத்துப் பார்க்கலாமா, அது பக்திக்குக் குறைவன்றோ என்று சிலர் ஐயுறக்கூடும். கிறிஸ்தவ மறையே அந்த ஐயத்தைப் போக்குகிறது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் நூலில் பெரோயா என்ற ஊரைப் பற்றிய செய்தி வருகிறது. பவுல் அங்கே சென்று போதித்தபோது, அவ்வூரார் ஆர்வத்தோடு கேட்டனர். கேட்டதோடு நில்லாமல், அவர் சொன்னவை அவ்வாறுதாமா என்று நாள்தோறும் வேத வாக்கியங்களைப் புரட்டிப் பார்த்தனர். நூலாசிரியர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்குணம் உடையோர் என்று புகழ்கிறார். பவுலின் போதனையையே ஒப்பிட்டுப் பார்த்தவர் புகழப்பட்டனர் என்றால், மற்றவர் பிரசங்கத்தை ஆராய்வதில் பிழையில்லை. எந்தத் தராசில் நிறுப்பது என்பதே வினா.

இந்த வினாவை ஆழ்ந்து ஆராய்ந்து நூல் எழுதியவர்களுள் தலைசிறந்தவர் புனித அகுஸ்தீனார். அவர் கி. பி. 354-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்விடம் இன்று அல்ஜீரியா நாட்டில் உள்ளது. அவர் பிரசங்கியாராவதற்கு முன்பே பேச்சுக்கலையைக் கற்பித்துச் சம்பளம் பெற்ற ஆசிரியர். கார்த்தேஜ் நகரிலும், பின்னர் ரோமாபுரியிலும், 384-ஆம் ஆண்டு முதல் மிலான் நகரிலும் அக்கலையைக் கற்பித்தார். ஆகவே, பேச்சின் ஒப்பனையை உள்ளிருந்து அறிந்தவர் அவர்.

கார்த்தேஜில் இருந்த நாளில் அவர் மானி என்பவரின் சமயத்தைச் சார்ந்திருந்தார். அதன் கொள்கைகளைப் பற்றி அவருக்குப் பல ஐயங்கள் இருந்தன. "பவுஸ்துஸ் வரட்டும், அவர் எல்லாவற்றையும் விளக்குவார்" என்று அச்சமயத்தார் கூறிவந்தனர். ஏறக்குறைய 9 ஆண்டுகள் காத்திருந்த பின் பவுஸ்துஸ் வந்தார். அவர் பேச்சு தேனாக இனித்தது. ஐயங்களுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அழகிய பணியாளன் விலையுயர்ந்த கிண்ணங்களை ஏந்தி வந்தாலும், தாகத்துக்கு அவற்றால் என்ன பயன் என்று அகுஸ்தீனார் பிற்காலத்தில் எழுதினார். கருத்து உணவு, சொல் பாத்திரம் என்பது அவர் முடிவு. நல்ல உணவு மண் சட்டியிலும் வரலாம்; கெட்ட உணவு வெள்ளித் தட்டிலும் வரலாம். ஆகவே, தட்டைக் கண்டு உணவைப் புகழ்வதும் தவறு. சட்டியைக் கண்டு உணவை இகழ்வதும் தவறு.

பின்னர் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியாரின் பிரசங்கங்களைக் கேட்கச் சென்றார். சென்ற நோக்கமோ விந்தையானது. மறை உண்மையை அறிய அவர் போகவில்லை. அந்த ஆயரின் நாவன்மை அவர் பெற்ற புகழுக்கு ஏற்றதுதானா என்று ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியின் வேலையைச் சோதிப்பதுபோல் சோதிக்கவே போனார். சொற்களில் மட்டும் செவி வைத்தார், பொருளைப் புறக்கணித்தார். ஆனால் சொல்லையும் பொருளையும் பிரித்து வாங்க இயலவில்லை. திறந்த கதவின் வழியே சொல் நுழைந்தபோது, பொருளும் கூடவே நுழைந்துவிட்டது. அம்புரோசியாரின் பேச்சு பவுஸ்துஸின் பேச்சைவிட இனிமையில் குறைந்தது, அறிவில் நிறைந்தது என்று அவரே ஒப்பிட்டுக் கூறுகிறார். 387-ஆம் ஆண்டின் உயிர்ப்புத் திருநாளில் அம்புரோசியார் கையாலேயே அவர் திருமுழுக்குப் பெற்றார்.

391-ஆம் ஆண்டில் அவர் ஹிப்போ என்னும் துறைமுக நகரில் குருவானார். சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயரானார். 430-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வாண்டலர் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், அவர் உயிர் பிரிந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர் ஓயாது பிரசங்கித்தார். அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்தாளர் குறித்துக்கொண்டனர். 500-க்கு மேற்பட்ட பிரசங்கங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அந்தப் புதையல் இன்னும் முடிந்தபாடில்லை. 1990-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிரான்சுவா தோல்போ, ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்துச் சுவடி ஒன்றில், அதுவரை அறியப்படாதனவும் ஒரு பகுதி மட்டும் அறியப்பட்டனவுமாகிய 26 பிரசங்கங்களைக் கண்டெடுத்தார்.

இத்தகையவர் எழுதிய நூலே 'கிறிஸ்தவப் போதனை' என்பது. 396-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய அந்நூல், மூன்றாம் பகுதியின் நடுவே நின்றுவிட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து அவர் அதை மீண்டும் கையிலெடுத்து, பிரசங்கக் கலையைப் பற்றிய நான்காம் பகுதியையும் எழுதி நிறைவு செய்தார். அந்நூலினின்று ஒரு தராசையும் மூன்று படிக்கற்களையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதற்கல், உண்மை. சொல்லப்பட்டது மறைநூலின் பொருள்தானா? மறையில் தெளிவான இடங்களும் உண்டு, இருண்ட இடங்களும் உண்டு. தெளிவானவற்றைக் கொண்டே இருண்டவற்றை விளக்க வேண்டும்; ஐயம் எழுந்தால், திருச்சபை ஏற்ற விசுவாச விதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும்; அதன் பின்னும் தெளியாவிடில், முன்னும் பின்னும் உள்ள வாசகங்களை நோக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் அளவுகோலையும் வைத்தார். இறைவன்பால் அன்பும் அயலான்பால் அன்பும் வளராத விளக்கம் எதுவாயினும், அதைச் சொன்னவன் மறையை உணர்ந்தவன் அல்லன்.

அங்ஙனமாயின், அன்பை வளர்க்கும் பொருட்டு ஒருவன் வாசகத்துக்குத் தவறான பொருள் கூறினால் என் செய்வது? இவ்விடத்தில் அவர் காட்டும் நிதானம் ஓர் ஆசிரியனுக்கு மிகவும் பிடிக்கும். பாதையை விட்டு விலகி வயல் வழியே நடந்தவனும் அந்தப் பாதை சேரும் ஊருக்கே வந்து சேர்கிறான். அவன் பொய்யன் அல்லன். ஆயினும் அவனைத் திருத்தவே வேண்டும். விலகி நடப்பதே பழக்கமாகிவிட்டால், ஒரு நாள் அவன் வேறு ஊருக்குப் போய்விடுவான். விடை சரியாக வந்த கணக்கிலும் வழி தவறு என்று சிவப்பு மையால் குறித்த ஆசிரியர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இரண்டாம் கல், தெளிவு. உண்மையைச் சொன்னால் போதாது. அது கேட்டவனிடம் சென்று சேர்ந்ததா? இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு தமிழர்க்கு எளிதில் விளங்கும். இலத்தீன் மொழியில் குறில் ஒலியுடன் 'ஒஸ்' என்றால் எலும்பு; நெடில் ஒலியுடன் 'ஓஸ்' என்றால் வாய். நமக்குக் 'கொள்' என்பதற்கும் 'கோள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆனால் ஆப்பிரிக்க மக்களின் செவிக்கு அந்த வேறுபாடு புலப்படவில்லை. பாமரர் எலும்பை 'ஒஸ்ஸும்' என்றனர். இலக்கண அறிஞர் அதை வழு என்று தள்ளினர். அகுஸ்தீனாரோ, கேட்பவனுக்கு விளங்காத செம்மைச் சொல்லால் யாது பயன் என வினவி, பாமரரின் சொல்லையே ஆளலாம் என்றார். பேச்சுக்கலைப் பேராசிரியராய்ப் புகழ் பெற்றவர் ஒருவர் இதைச் சொல்வதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டும்!

பேசுவோன் கேட்போர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. விளங்கிற்று என்பதற்கு அடையாளம் தெரியும் வரை, ஒரே பொருளைப் பல வகையாகத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். விளங்கியது தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவனுக்கு இது இயலாது. ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கும் எனக்கும் இப்போது உங்கள் முகம் தெரியவில்லை. ஆகவே அந்த அறிவுரையின் அருமையை இப்பொழுதே உணர்கிறேன்.

கார்த்தேஜில் தேயோகிராசியாஸ் என்னும் திருத்தொண்டர் ஒருவர் இருந்தார். புதிதாகச் சமயம் அறிய வருவோர்க்குக் கற்பிப்பது அவர் பணி. "என் பேச்சு எனக்கே சலிப்பூட்டுகிறது, நான் என்ன செய்வேன்?" என்னும் கருத்துப்பட அவர் அகுஸ்தீனாரிடம் முறையிட்டார். கி. பி. 400-ஆம் ஆண்டை ஒட்டி, அதற்கு விடையாக அகுஸ்தீனார் ஒரு சிறு நூலையே எழுதினார். தமக்கும் தம் பேச்சு எப்பொழுதுமே நிறைவு தருவதில்லை என்று முதலில் ஒப்புக்கொண்டார். நம் நெஞ்சில் மின்னலெனத் தோன்றும் கருத்து, நாவின் வழியே வரும்போது தேய்ந்து மெலிந்துவிடுகிறது. ஆயினும் கேட்போர் அவ்வளவு வெறுப்போடு கேட்பதில்லை என்று தேற்றினார். கேட்பவன் கொட்டாவி விட்டால் அவனைக் கடிந்துகொள்ளற்க. சுவையான ஒன்றைச் சொல். அல்லது உட்கார ஓர் இருக்கை கொடு என்றார். அக்காலத்து ஆப்பிரிக்கத் தேவாலயங்களில் ஆயர் அமர்ந்து பேசுவார். மக்கள் நின்று கேட்பர். கடல் கடந்த நாட்டுச் சபைகள் சிலவற்றில் மக்களுக்கும் இருக்கை உண்டு, அதுவே மேல் என்று அவர் குறிக்கிறார். கேட்போர்க்குக் கால் வலிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் பிரசங்கக் கலையில் அடங்கும்.

மூன்றாம் கல், பயன். ரோமாபுரியின் பேச்சாளரான சிசெரோ, பேச்சுக்கு மூன்று கடமைகளை வகுத்திருந்தார்: கற்பித்தல், மகிழ்வித்தல், நெஞ்சை அசைத்தல். அகுஸ்தீனார் இம்மூன்றையும் பிரசங்கத்துக்கு ஏற்றுக்கொண்டார். கற்பித்தல் இன்றியமையாதது, மகிழ்வித்தல் செவியைக் கட்டி நிறுத்துவது, நெஞ்சை அசைத்தலோ வெற்றி. செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்திருந்தும் செய்யாதிருப்போரை எழுப்புவதற்கு மூன்றாவது இல்லாமல் முடியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மகிழ்ந்தவன் கைதட்டுவான், கைதட்டலைக் கேட்டவன், வெற்றி கிட்டிவிட்டது என்று மயங்குவான். அந்நாளில் தேவாலயத்துக்குள்ளேயே மக்கள் ஆரவாரம் செய்வது வழக்கம். கிழக்கே கான்ஸ்டாண்டிநோபிள் நகரில், பொன்வாய் என்று பெயர் பெற்ற ஆயர் யோவான் கிறிசொஸ்தோம், இந்த வழக்கத்தால் மனம் நொந்தார். "இனிப் பிரசங்கத்தின்போது எவரும் ஆரவாரம் செய்யலாகாது" என்று ஒரு நாள் பிரசங்கத்திலேயே விதி வகுக்கலானார். அந்த விதியைச் சொன்ன அழகுக்கே மக்கள் ஆரவாரம் செய்துவிட்டனர்! அவர் கடிந்துகொண்டது ஏட்டில் பதிவாகி இருக்கிறது.

அகுஸ்தீனார் இந்தக் கண்ணியைக் கடந்த வரலாறு, 418-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மௌரித்தானியா மாகாணத்தில் செசாரியா என்றொரு நகரம். இன்று அல்ஜீரியாவில் செர்செல் எனப்படும் ஊர் அதுவே. அந்நகரில் ஒரு கொடிய வழக்கம் வேரூன்றி இருந்தது. ஆண்டுதோறும் குறித்த காலத்தில் ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து, தொடர்ந்து சில நாட்கள் கல்லெறிந்து போரிடுவர். அயலாருக்குள் மட்டுமன்று, உடன்பிறந்தார், தந்தை மகன் ஆகியோரும் எதிரெதிரே நிற்பர். கைக்கு அகப்பட்டவரைக் கொல்வர். பாட்டன் காலந்தொட்டு வந்த வழக்கமாதலால், அது அவர்களுக்கு விழாவாகவே தோன்றிற்று.

அந்நகருக்குச் சென்ற அகுஸ்தீனார், இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டித் தம் முழு ஆற்றலையும் திரட்டிப் பேசினார். மக்கள் ஆரவாரம் செய்தனர். அப்பொழுது தாம் எதையும் சாதித்துவிட்டதாக அவர் கருதவில்லை. அவர்களுக்குப் பொருள் விளங்குகிறது, பேச்சு பிடித்திருக்கிறது என்பது மட்டுமே அந்த ஆரவாரத்தால் தெரிந்தது. அவர் மேலும் பேசினார். ஆரவாரம் அடங்கிற்று, கண்ணீர் தோன்றிற்று. கண்ணீரைக் கண்ட பின்னரே, அந்தக் கொடிய பழக்கம் தோற்றது என்று அவர் உணர்ந்தார். உடனே பேச்சை மாற்றி, இறைவனுக்கு நன்றி கூறுமாறு மக்களைத் திருப்பினார். இதை அவர் எழுதியபோது 8 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிந்திருந்தன; அதுகாறும் அத்தகைய சண்டை அங்கே நிகழ்ந்ததில்லை என்று குறிக்கிறார். கண்ணீரையும் அவர் முடிவான சான்றாக வைக்கவில்லை என்பதை நோக்குக. அந்த 8 ஆண்டுகளே சான்று.

வரலாற்றை நேர்மையோடு சொல்ல வேண்டுமாயின், அதே பயணத்தின் மற்றொரு காட்சியையும் மறைக்கலாகாது. ஆப்பிரிக்கத் திருச்சபையில் தொனாத்துஸ் என்பவரின் வழி நின்றோர் பிரிந்து வாழ்ந்தனர். 411-ஆம் ஆண்டில் கார்த்தேஜில் நடைபெற்ற பெரு வாதத்தில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. அடுத்த ஆண்டில் பேரரசின் சட்டமும் அவர்கள்மீது பாய்ந்தது. அந்த வாதத்தில் அவர்கள் பக்கம் நின்று வாதாடியவர்களுள் ஒருவர் செசாரியாவின் ஆயர் எமெரித்துஸ். 418-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், அவரைத் தேவாலயத்தில் வைத்துக்கொண்டு அகுஸ்தீனார் பேசினார். பதில் சொல்லுமாறு வேண்டினார். எமெரித்துஸ் ஓரிரு சொற்களுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

கல்லெறிந்த கூட்டத்தை அழ வைத்த அதே நா, இந்த ஒரு மனிதரை அசைக்க முடியவில்லை. ஏன்? எமெரித்துஸின் நெஞ்சத்துக்குள் நாம் புக இயலாது. ஆனால் ஒன்று வெளிப்படை. முந்திய பேச்சின் பின்னே இருந்தது வேண்டுகோள் மட்டுமே. பிந்திய பேச்சின் பின்னே அரசனின் சட்டம் நின்றது. தொடக்கத்தில் சமயத்தில் வன்முறை கூடாது என்றிருந்த அகுஸ்தீனார், பின்னர்ச் சட்டத்தின் அழுத்தமும் நன்மை பயக்கும் என்று வாதிட்டவர். அவர் வகுத்த தராசில் அவரையே நிறுத்தால், இவ்விடத்தில் தட்டு தாழ்ந்தே நிற்கிறது. அச்சத்தால் வாய் மூடியவனும் சொல்லால் மனம் மாறியவனும் ஒன்றல்லர் என்பதைச் செசாரியாவின் மக்களே அவருக்குக் காட்டியிருந்தனர்.

இறுதியாக, பேசுவோனின் வாழ்வைப் பற்றியும் அவர் கூறுகிறார். எத்துணை உயர்ந்த நடையினும் பேசுவோனின் ஒழுக்கத்துக்கே எடை மிகுதி. ஒழுக்கம் இல்லாதவன் உரைக்கும் உண்மையும் உண்மையே. கற்க விரும்புவோர் அதிலும் கற்பர். ஆனால், "நீ செய்யாததை நான் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்போர்க்கு அவன் இடம் கொடுத்துவிடுகிறான். அழகாகப் பேசத் தெரியாதவன் என் செய்வது என்னும் வினாவுக்கும் விடை உண்டு. அவன் வாழ்க்கை முறையே பிரசங்கமாகட்டும் என்கிறார். கதவைத் திறக்காத பொற்சாவி எதற்கு? திறக்குமாயின், மரச்சாவியே போதும்.

அச்சுக்கலை ஐரோப்பாவில் தோன்றிய புதிதில், 1466-ஆம் ஆண்டை ஒட்டி, ஸ்திராஸ்பூர்க் நகரில் மென்தெலின் என்னும் அச்சகத்தார் இந்நூலின் நான்காம் பகுதியைப் பிரசங்கக் கலை என்ற பெயரில் தனியே அச்சிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பிரசங்கியார்க்கு அது கைந்நூலாக வேண்டியிருந்தது.

நேயர்களே, நான் முதலில் கேட்ட வினாவுக்கு வருகிறேன். தேவாலயத்தினின்று வெளிவரும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: சொன்னது மெய்யா? எனக்கு விளங்கிற்றா? அதனால் நான் என்ன செய்யப் போகிறேன்? முதல் இரண்டும் பிரசங்கியாரை நிறுக்கும் கற்கள். மூன்றாம் கல்லைத் தராசில் இடும்போது, மறுதட்டில் நாமும் ஏறி நிற்கிறோம். என் முதிய ஆசிரியர் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கடைசி வரிசைச் சிறுவனைக் கேட்டார். பிரசங்கத்தின் தகுதியும் அவ்வாறே, மேடையில் ஏறியவரிடம் தெரிவதைக் காட்டிலும், வீடு திரும்பியவரிடமே தெரியும்.